ஆச்சியின் பெட்டிக்குள் இருக்கும் கடிதங்கள்: குடும்ப வரலாற்றைக் காக்க ஒரு பாடம்



புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்தில் அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லி நினைவுகூருகின்றார். அவ்விரு பெண்களிடமும் முதலில் இருந்த விசுவாசமே திமொத்தேயுவிடமும் இருக்கின்றது என்பது அவர் கருத்து. புதிய ஏற்பாடு முழுவதிலும் ‘பாட்டி’ என்ற சொல் வருகின்ற இடம் இது ஒன்றே. ஒரு பேரனின் விசுவாசம் எந்த வீட்டில் தொடங்கியது என்ற செய்தி ஒரு கடிதத்தில் எழுதப்பட்டது. அக்கடிதத்தை யாரோ எறிந்துவிடாமல் வைத்திருந்தார்கள். ஆகவே அது நமக்குக் கிடைத்தது.

நம் வீடுகளிலும் கடிதங்கள் உண்டு. அம்மம்மாவின் சேலைகளுக்கு அடியிலோ, அப்பப்பாவின் பழைய செபப் புத்தகத்தின் மட்டைக்குள்ளோ, நூலாற் கட்டிய சிறு கட்டாக அவை இருக்கலாம். கலியாணத்திற்கு முன் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதியவை அவை. “கிழடுகளின் காதற் கடிதம்” என்று பிள்ளைகள் சிரிக்கலாம். ஆனால், ஒரு குடும்பம் எப்படி உருவாயிற்று என்பதற்கு அவற்றைவிட நெருங்கிய சாட்சி வேறில்லை. வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் நமக்கு அவற்றைக் காக்கும் கடமை மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே உண்டு. அது ஏன் என்பதையும், எப்படிக் காப்பது என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

பதிவேடு சொல்வதும் கடிதம் சொல்வதும்

திருமணங்களைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டுமெனத் திரிதெந்து பொதுச்சங்கம் 1563-ம் ஆண்டில் கட்டளையிட்டது. ஒருவருடைய திருமணத்தை அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும் என்ற ஒழுங்கு 1908-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இன்றைய திருச்சபைச் சட்டத்திலும் அது உள்ளது. ஆகையால் யுத்தத்திலே திருமணப் பத்திரத்தை இழந்தவர்கள், திருமுழுக்குப் பெற்ற கோவிலை நாடினால், அது தீவகத்திலோ மன்னாரிலோ மலையகத்திலோ இருந்தாலும், அப்பதிவேட்டின் ஓரத்தில் தங்கள் விவாகக் குறிப்பைக் காணக்கூடும்.

ஆனால் பதிவேட்டுக்கு ஓர் எல்லை உண்டு. இன்னார் மகனும் இன்னார் மகளும் இன்ன திகதியில் இத்தனை சாட்சிகள் முன்னிலையில் மணந்தார்கள் என்று அது சொல்லும். பேச்சுக்கால் நடந்தபோது யார் சம்மதிக்கவில்லை, சீதனக் காணியைப் பற்றி மாப்பிள்ளை என்ன நினைத்தார், பெண் எதற்கு அஞ்சினாள், இருவரும் எந்த வீட்டைக் கனவு கண்டார்கள் என்பவற்றை அது சொல்லாது. அவற்றைக் கடிதம் சொல்லும்.

நம் பகுதியிலே இக்கடிதங்கள் பிறந்ததற்குக் காரணம் தூரம். இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தவர்களும், அரசாங்க வேலையிலும் ஆசிரியத் தொழிலிலும் இடமாற்றம் பெற்று வந்தவர்களும், 1958-லும் 1977-லும் நிகழ்ந்த கலவரங்களின் பின் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்களும் உறவினரை வேறெங்கோ விட்டுத்தான் இங்கு வந்தார்கள். மாப்பிள்ளை காட்டை வெட்டிக்கொண்டிருப்பார். பெண் ஊரிலே தாய் தகப்பனோடு இருப்பாள். பேச்சுக்காலுக்கும் தாலிகட்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இருந்த வழி தபால் ஒன்றே.

ஒரு புனிதையின் கடிதங்கள்

திருமணத்திற்கு முந்திய கடிதங்களைக் குடும்பம் காத்ததால் வந்த நன்மைக்குத் திருச்சபையிலே அண்மைக்கால உதாரணம் ஒன்றுண்டு. இத்தாலி நாட்டில் மஜெந்தா என்ற ஊரைச் சேர்ந்த வைத்தியர் ஜியன்னா பெரெத்தா, பொறியியலாளரான பியெத்ரோ மொல்லாவை 1955 செப்டெம்பர் 24-ல் மணந்தார். நிச்சயிக்கப்பட்ட காலத்திலும், மணமான பின் கணவர் தொழில் நிமித்தம் வெளியூர் சென்ற காலங்களிலும் இருவரும் கடிதம் எழுதினார்கள். நான்காவது பிள்ளையைக் கருத்தரித்திருந்தபோது ஜியன்னாவுக்குக் கருப்பையிலே கட்டி கண்டது. பிள்ளையின் உயிரையே முதலிற் காக்கும்படி அவர் வைத்தியர்களைக் கேட்டுக்கொண்டார். 1962 ஏப்ரல் 21-ல் பெண்குழந்தை பிறந்தது. ஒரு கிழமையின் பின், ஏப்ரல் 28-ல், தாய் தமது 39-வது வயதில் இறந்தார்.

கணவர் அக்கடிதங்களைக் காத்துவைத்தார். பிற்காலத்தில் அவை நூலாகவும் வெளிவந்தன. 2004 மே 16-ல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் ஜியன்னாவைப் புனிதையாக உயர்த்தியபோது கணவரும் பிள்ளைகளும் அவ்விடத்தில் இருந்தார்கள். தாயின் முகத்தை நினைவிற் கொள்ள முடியாத அந்தக் கடைசி மகள், தாயும் வைத்தியர் தானும் வைத்தியர் என்ற நிலைக்கு வளர்ந்து, பெற்றோரின் கடிதங்களைப் பல நாடுகளில் மக்களுக்கு எடுத்துரைத்து வந்திருக்கின்றார். ஒரு கட்டுக் கடிதம் அந்த மகளுக்குச் செய்த உதவி எத்தகையது என்பதை, பெற்றோரை இளமையில் இழந்த பிள்ளைகள் நிறைந்த நம் பகுதியிலே நாம் விளக்கத் தேவையில்லை.

வன்னியிலே கடிதத்திற்கு இரண்டு வரலாறு

மற்ற ஊர்களிற் கடிதம் பெட்டியில் இருந்தவாறே பழசாகும். வன்னியிற் கடிதமும் மனிதரோடு சேர்ந்து இடம்பெயர்ந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்களிற் பலர் அடுத்த ஆண்டிலே கிளாலி வழியாக வன்னிக்கு வந்தார்கள். 2004 டிசெம்பர் 26-ல் கடல் முல்லைத்தீவுக் கரைக்குள் ஏறியது. 2008-லும் 2009-லும் மக்கள் ஊரூராக நகர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை சென்று, பின் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமை அடைந்தார்கள். அம்முகாம் 2012 செப்டெம்பரிலே மூடப்பட்டது. இவ்வளவையும் கடந்து ஒரு தாள் இன்று கையில் இருக்குமானால், யாரோ ஒருவர் அரிசிக்கும் உடுப்புக்கும் இடையில் அதற்கும் ஓரிடம் கொடுத்திருக்கின்றார்.

ஆகையால் நம் வீட்டுக் கடிதங்களுக்கு இரண்டு வரலாறு உண்டு. ஒன்று உள்ளே எழுதப்பட்டது. மற்றது, அது கடந்து வந்த வழி. எந்த வீட்டிலிருந்து எடுத்தார்கள், யார் சுமந்தார், எந்தப் பையில் வைத்தார், எங்கே நனைந்தது, எந்தக் கடிதங்கள் வழியிலே தொலைந்தன என்பவற்றையும் ஒரு தனித்தாளில் எழுதிக் கடிதக் கட்டோடு வைக்க வேண்டும். உள்ளே இருப்பதைப் பேரப்பிள்ளைகள் பின்னரும் வாசிக்கலாம். கடந்து வந்த வழியோ, சுமந்தவர் கண்மூடினால் அவரோடு போய்விடும்.

பெரியவரோடு இருந்து வாசிக்க வேண்டும்

இப்பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே. விளக்கம் சொல்ல ஆளில்லாத கடிதம் பாதி தொலைந்த கடிதமாகும். ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். அப்பப்பா இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “குளம் வான் பாய்கிறது. பாதை விட்டதும் வருவேன். சின்னண்ணையிடம் கொடுத்துவிட்ட சாமானைத் திறக்க வேண்டாம். மாமிக்குச் சொன்ன விஷயத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.” நாலே வரி. ஆனால் எந்தக் குளம்? சின்னண்ணை யார், அவருடைய பிள்ளைகள் இப்போது எங்கே? சாமான் என்பது என்ன? மாமிக்குச் சொன்னது எது? இவற்றுக்கு விடை சொல்லக்கூடியவர் உலகத்திலே ஒருவர்தான் இருப்பார். அவர் இன்று திண்ணையிலே செபமாலையோடு உட்கார்ந்திருக்கும் அப்பம்மாவாக இருக்கலாம்.

ஆகவே பின்வருமாறு செய்யுங்கள். ஒரு நாளில் ஒரு கடிதம் போதும். கண் தெளிவான பேரப்பிள்ளை மெதுவாக வாசிக்கட்டும். பெரியவர் பேசும்போது குறுக்கிட வேண்டாம். திகதியைத் திருத்த வேண்டாம். அவர் சம்மதித்தால் கைத்தொலைபேசியிலே குரலைப் பதிவு செய்யுங்கள். முடிந்தபின் அன்றைய திகதியையும், கூட இருந்தவர்களின் பெயர்களையும், புதிதாக அறிந்த பெயர்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அவர் களைத்தாலோ கண் கலங்கினாலோ கடிதத்தை மடித்து வைத்துவிடுங்கள். நாளை மீதியைப் பார்க்கலாம்.

திகதி இல்லாத கடிதத்தின் காலத்தை அறிதல்

பழைய கடிதங்கள் பலவற்றில் ஆண்டு இராது. அதை அறியச் சில வழிகள் உண்டு.

முதலாவது, உறை. உறையை எறிய வேண்டாம். தபாற் கந்தோரின் பெயரும் திகதியும் அதன் முத்திரைக் குத்திலே இருக்கும். ஒட்டிய முத்திரையும் உதவும். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் ஆட்சி 1936 முதல் 1952 வரை. ‘சிலோன்’ என்ற ஆங்கிலப் பெயர் 1972 மே 22-ல் நாடு குடியரசானதோடு மாறி, அதன்பின் வந்த முத்திரைகளில் ‘ஸ்ரீ லங்கா’ என்று இருக்கும்.

இரண்டாவது, கிழமையும் திருநாளும். “இன்று வெள்ளிக்கிழமை, மடுத் திருவிழா” என்று ஆடித் திருவிழாவைக் குறித்து எழுதியிருந்தால், அத்திருவிழா யூலை 2-ம் திகதி என்பது நமக்குத் தெரியும். 1945-க்கும் 1970-க்கும் இடையில் அத்திகதி வெள்ளிக்கிழமையாக வந்த ஆண்டுகள் 1948, 1954, 1965 ஆகிய மூன்றே. அப்போது ஆச்சிக்கு எத்தனை வயது என்று கேட்டால் மீதி தெளிவாகும்.

மூன்றாவது, ஊர் அறிந்த நிகழ்ச்சிகள். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956-ல். பெருவெள்ளம் வந்து குளங்கள் உடைத்தது 1957 டிசெம்பரில். மன்னாரையும் வடபகுதியையும் புயல் தாக்கியது 1964 டிசெம்பரில். கடிதம் இவற்றிலொன்றைச் சொன்னால் காலம் கிடைத்துவிடும்.

நான்காவது, சொற்கள். தாளின் தலைப்பிலே சிறு சிலுவையும் ‘சேசு மரி சூசை’ என்ற திருநாமங்களும் இருப்பதும், ‘பூசை’, ‘ஞானஸ்நானம்’, ‘அர்ச். சூசையப்பர்’, ‘மேற்றிராணியார்’ என்ற சொற்கள் வருவதும் பழைய தலைமுறையின் அடையாளம். ‘திருப்பலி’, ‘திருமுழுக்கு’, ‘ஆயர்’ என்பவை இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–1965) பின்னரே பெரிதும் வழங்கின. இதிலிருந்து இன்னொரு விதியும் பிறக்கின்றது. கடிதத்தைப் பார்த்து எழுதும்போது பழைய சொல்லை மாற்றாதீர்கள். எழுத்துப் பிழையையும் திருத்தாதீர்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட பெண் ஒருத்தி தட்டுத் தடுமாறி எழுதிய வரியிலே அவளுடைய பிழையும் அவளுடைய கையொப்பமே.

தாளைக் காக்கும் முறை

தாளின் பகைவர்கள் ஈரம், வெப்பம், வெளிச்சம், பூச்சி, நம் கை ஆகிய ஐந்துமாம்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கடிதத்தைத் தொடுங்கள். குண்டூசியும் கம்பியும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். ஆகவே கவனமாக அகற்றுங்கள். றப்பர் வளையமும் வேண்டாம். மடிப்பிலே வைத்த தாள் மடிப்பிலேயே கிழியும். விரித்து வைப்பதே நல்லது. கிழிந்த இடத்திற்குச் செலோரேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி எழுத்தையும் கெடுக்கும். லமினேற் செய்வதும் தவறு. அந்த வெப்பமும் பிளாஸ்ரிக்கும் தாளை விட்டுப் பின் ஒருபோதும் பிரியா. குறிப்பு எழுத வேண்டுமானால் பென்சிலால், ஓரத்தில், மெதுவாக எழுதுங்கள். குமிழ்முனைப் பேனா வேண்டாம்.

ஒவ்வொரு கடிதத்திற்கும் இடையில் சுத்தமான வெள்ளைத் தாள் ஒன்றை வையுங்கள். பத்திரிகைத் தாளிற் சுற்ற வேண்டாம். அதிலுள்ள அமிலம் கடிதத்திற்கும் ஏறும். தகரக் கூரைக்கு நேர் கீழேயும், அடுப்படியிலும், நிலத்திலும் பெட்டியை வைக்கக் கூடாது. சுவரிலிருந்து சற்று விலக்கி, உயரமான தட்டில் வையுங்கள். 2018 டிசெம்பரிலே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஒரே இரவில் வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கறையானும் கரப்பொத்தானும் மூடியே கிடக்கும் பெட்டியைத் தான் விரும்பும். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையிற் கட்டி அலுமாரியில் வைக்கலாம். தாளோடு முட்ட வைக்க வேண்டாம்.

கடிதம் நனைந்துவிட்டால் துடைக்காதீர்கள். பழைய பேனா மை கரைந்து ஓடும். வெயிலிலும் போடாதீர்கள். சுத்தமான பருத்தித் துணிமேல் நிழலிலே பரப்பிக் காற்றுப்பட விடுங்கள். ஒட்டிய தாள்களைப் பலவந்தமாகப் பிரிக்க வேண்டாம்.

ஒரே இடத்தில் வைக்காதீர்கள்

1917-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், பங்குப் பதிவேடுகளின் பிரதியொன்றை ஆண்டிறுதியில் மேற்றிராணியாரின் அலுவலகத்திற்கு அனுப்பும்படி பங்குக் குருக்களுக்கு விதித்தது. ஓரிடம் எரிந்தாலும் மற்ற இடத்தில் இருக்கும் என்பதே அதன் பயன். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பி வரவே இல்லை.

ஆகவே பிரதி எடுங்கள். யன்னல் வெளிச்சத்திலே தாளைச் சமமாக வைத்து, பிளாஷ் இல்லாமல், முன்பக்கமும் பின்பக்கமும் உறையும் தனித்தனியாகப் படம் பிடியுங்கள். படத்திற்கு ஆண்டும் மாதமும் எழுதியவர் பெயரும் இடுங்கள். ஒரு தொகுதி உங்களிடமும், ஒன்று வேறு ஊரிலுள்ள சகோதரரிடமும், ஒன்று வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடமும் இருக்கட்டும். கைத்தொலைபேசி தொலையக்கூடியது, ஒரு முறை தாளிலும் அச்செடுத்து வையுங்கள். ஊர் வரலாற்றுக்குப் பயன்படும் ஆவணங்கள் இருந்தால், 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிம முறையில் பாதுகாத்து வரும் ‘நூலகம்’ நிறுவனத்தை நாடலாம். ஆனால், எவருக்காகிலும் மூலக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டாம்.

இது யாருடைய இரகசியம்?

கடிதம் இருவருக்கு மட்டும் எழுதப்பட்டது. ‘தாய் தந்தையை மதித்து நட’ என்னும் கட்டளை இங்கும் செல்லும். எழுதியவர் உயிரோடு இருக்கும்போது அவரைக் கேளாமல் கட்டை அவிழ்ப்பது களவுக்கு ஒப்பாகும். அதை முகநூலிற் போடுவது அதைவிடப் பெரிய குற்றம். பழைய கடிதங்களில் வேறொரு சம்பந்தம் முறிந்த கதை இருக்கலாம். சாதியின் பேரால் ஒருவர் பட்ட அவமானம் இருக்கலாம். கடனோ சீதனச் சண்டையோ இருக்கலாம். அவற்றிற் சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அடுத்த வளவிலே வாழ்கிறார்கள்.

“நான் செத்தபின் எரித்துவிடு” என்று ஆச்சி சொன்னால் என்ன செய்வது? முதலிற் காரணத்தைக் கேளுங்கள். சில வேளை ஒரு கடிதத்தைப் பற்றியே அவர் அஞ்சுவார். அதைத் தனியே எடுத்துவிடலாம். உறையிலிட்டு ஒட்டி, இத்தனை ஆண்டுகளுக்குப் பின் திறக்கலாம் என்று அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லலாம். அதற்கும் இணங்காவிட்டால் அவர் சொல்லே முடிவு. ஒளித்து வைப்பதும், இரகசியமாகப் படம் எடுப்பதும் முறையல்ல. வரலாறு பெரிதுதான், ஆனால் நம்மை நம்பிய ஒரு கிழவியின் மனம் அதைவிடப் பெரிது.

கடிதமே இல்லாத வீடு

“எங்களிடம் ஒரு துண்டும் மிஞ்சவில்லையே” என்று பல வாசகர்கள் சொல்வார்கள். உண்மை. ஓடும்போது அடையாள அட்டையையும் காணி உறுதியையும் எடுத்தவர்களுக்குக் கடிதத்தை எடுக்க நேரம் இருக்கவில்லை. இவர்களுக்கு எரேமியா ஆகமத்தின் 36-ம் அதிகாரம் ஆறுதலான பாடம். இறைவாக்கினர் சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய ஏட்டுச் சுருளை யோயாக்கிம் அரசன் துண்டு துண்டாக வெட்டிக் கணப்பிலே எரித்தான். எரேமியா மறுபடியும் சொன்னார். பாரூக்கு வேறொரு சுருளை எடுத்து மறுபடியும் எழுதினார். முன்னைய சுருளில் இருந்தவற்றோடு இன்னும் பலவும் அதிற் சேர்ந்தன.

அவ்வாறே நாமும் செய்யலாம். அப்பப்பாவை முதன்முதல் எங்கே கண்டீர்கள், முதற் கடிதத்தை யார் கொண்டுவந்து தந்தார், அதை எங்கே ஒளித்து வைத்து வாசித்தீர்கள், மறக்காத வரி எது என்று கேளுங்கள். ஆச்சி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும். எழுதியதை வாசித்துக் காட்டி, கீழே அவருடைய கையொப்பத்தையும் திகதியையும் பெறுங்கள். அதுவும் ஒரு கடிதமே. காணாமற் போனவர்களின் குடும்பங்களில் இவ்வேலையைப் பெரியவரின் மனநிலை அறிந்து, வற்புறுத்தாமற் செய்ய வேண்டும். அவர்களிடம் ஒரு சிறு துண்டாவது எஞ்சியிருந்தால், அக்கையெழுத்து அவர்களுக்கு எவ்வளவு பெறுமதியானது என்பதை உணர்ந்து, படம் எடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

இக்கிழமை குடும்பமாகச் செய்யக்கூடியவை

1. மாலைச் செபத்தின்பின், வீட்டிலுள்ள மூத்தவரிடம் கடிதங்கள் உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்டென்றால், வாசிக்க அனுமதி கேளுங்கள்.

2. அவர் விரும்பித் தெரியும் ஒரு கடிதத்தை மட்டும் சேர்ந்து வாசியுங்கள். அதில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் யார், எந்த ஊர், இப்போது எங்கே என்று எழுதுங்கள்.

3. அக்கடிதம் கடந்து வந்த வழியைத் தனித்தாளில் எழுதுங்கள்.

4. படம் எடுத்து, இன்றே வேறொரு வீட்டிற்குப் பிரதி அனுப்புங்கள்.

5. கடிதம் இல்லையென்றால், மேலே சொன்ன கேள்விகளிலொன்றைக் கேட்டு, விடையை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள்.

6. இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் மாதத்திலும், பெற்றோர், பேரன் பேர்த்தியரின் கலியாண நாட்களிலும் இவற்றை எடுத்து வாசிக்கும் வழக்கத்தை வீட்டிலே தொடங்குங்கள்.

பிள்ளைகளுக்குக் காணியும் நகையும் தேடிவைக்க நாம் பாடுபடுகின்றோம். எந்த அன்பிலிருந்து தாங்கள் பிறந்தோம் என்ற அறிவையும் அவர்களுக்குத் தேடிவைப்போம். வீட்டிலே மூத்தவர் இருக்கிறாரா? இன்று பின்னேரமே அவர் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு உட்காருங்கள்.